ஒரு நிமிஷம்கூட ஓடாது

காயில்காரர் சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஓடியது. அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்து மறுபடியும் போட்டார். மறுபடியும் ஓடியது.

அதுதான் பிரச்சினை.

அது அவர் கட்டிய மோட்டார் இல்லை. தையல்காரம்மா முதன்முதலாகத் தன் கையால் கம்பி சுற்றிய மோட்டார். சுவிட்சைத் தட்டியதும் குபுகுபுவென்று புகை கிளம்பும், கருகல் நாற்றம் பட்டறையைத் தூக்கும், தான் நிதானமாகப் போய் அணைத்துவிட்டு, "பரவாயில்லம்மா, இதெல்லாம் எல்லாருக்கும் வந்துடாது" என்று பெரிய மனதோடு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். அவ்வளவு ஆறுதலும் வீணாகப் போயிற்று.

"சூடாகுதாண்ணே?" என்று தையல்காரம்மா பயந்துகொண்டே கேட்டாள்.

மோட்டாரின் மேல் கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. சூடெல்லாம் அவர் வயிற்றில்தான்.

"இப்ப என்னம்மா தெரியும்? கொஞ்ச நாள் ஓடட்டும். அப்புறம் தெரியும் வண்டவாளம்."

மூலையில் லேத் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த லேத்துக்காரர் தலையை நீட்டினார். "என்னண்ணே, ஓடுதா?"

"ஓடுது."

"ஓடுதுங்கிறதை இவ்வளவு சோகமா சொல்ற ஒரே மெக்கானிக் நீங்கதாண்ணே."

அக்கம்பக்கத்து விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து நடத்தும் பட்டறை அது. தண்ணீர் இறைக்கிற மோட்டார், மருந்து அடிக்கிற மெஷின், கதிர் அறுக்கிற வண்டி, எது படுத்துக்கொண்டாலும் அங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கருகிப் போன மோட்டாரின் வயிற்றிலிருந்து பழைய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றிக் காயிலாகக் கட்டி உள்ளே இறக்கி உயிர் கொடுப்பது காயில்காரரின் வேலை. அந்த வேலை தெரிந்தவர் அங்கே அவர் ஒருத்தர்தான். நடவு சமயத்தில் மோட்டார் போய்விட்டதென்றால், சொந்த மாமனாரிடம்கூடப் பேசாத ஆட்கள் அவரிடம் குழைந்து குழைந்து பேசுவார்கள். அந்தக் குழைவுக்கு அவர் பழகிப் போயிருந்தார்.

தையல்காரம்மா அங்கே வந்தது கூட்டிப் பெருக்கவும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி வைக்கவும்தான். அதற்கு முன்னால் வீட்டில் மெஷின் போட்டுத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். ரெடிமேட் துணி வந்து அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட, பட்டறைக்கு வந்து சேர்ந்தாள். அவள் உண்டு, அவள் துடைப்பம் உண்டு என்று இருந்தவரைக்கும் காயில்காரருக்கு அவள்மேல் ஒரு குறையும் இல்லை. நல்ல பெண் என்றுகூடச் சொல்லியிருக்கிறார்.

சங்கத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து பயிற்சி கொடுக்க ஒரு மேடம் வர ஆரம்பித்ததில்தான் வினை தொடங்கியது. வந்த அன்றே எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தார்.

"ஒவ்வொருத்தர் கிட்டயும் ஒரு பலம் இருக்கு. அது என்னன்னு கண்டுபிடிச்சு வளர்த்து விடுறதுதான் என் வேலை. சொல்லுங்க, உங்க பலம் என்ன?"

"எனக்குப் பசி தாங்குற பலம் இருக்கு மேடம். மத்தியானம் வரைக்கும்" என்றார் லேத்துக்காரர்.

அடுத்தது தன் முறை என்று காயில்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கே ஆரம்பிப்பது என்பதுதான் அவருக்குக் குழப்பம். மேடமோ, "அண்ணன் பலம்தான் எல்லாருக்கும் தெரியுமே!" என்று ஒரே வரியில் அவரைத் தாண்டித் தையல்காரம்மாவிடம் போய்விட்டார்.

"எனக்கென்ன மேடம் பலம்? கண்ணை மூடிக்கிட்டு ஊசியில நூல் கோப்பேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? அந்த விரலுக்கு இந்தச் செம்புக் கம்பி எம்மாத்திரம்!" மேடத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. காயில்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, இவங்களுக்குக் காயில் வேலை கத்துக் குடுங்க. உங்க இடத்துல உக்கார ஒரு ஆள் தயாராகட்டும். அப்பத்தான்..."

அப்போதுதான் என்ன என்பது அவர் காதில் விழவில்லை. 'உங்க இடத்துல உக்கார ஒரு ஆள்' என்ற இடத்திலேயே காது அடைத்துக்கொண்டது.

அன்று வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி எறிந்தார். ஒன்று வாசலில் விழுந்தது, இன்னொன்று எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.

"என் இடத்துக்கு ஆள் பாக்குறாங்க!"

அவர் மனைவி அலட்டிக்கொள்ளவில்லை. "ஏங்க, இந்த வருஷமும் ஒரு மேற்பார்வையாளர் போடப் போறாங்களாமே. அது உங்களுக்குத்தானே வரணும்?"

அதுதான் புண். அதில்தான் அவள் விரலை வைத்தாள். சங்கத்துக்கு மொத்தம் ஐந்து பட்டறைகள். அவற்றைச் சுற்றி வந்து பார்க்கப் போன வருஷம் ஒரு மேற்பார்வையாளரைப் போட்டார்கள். அந்தப் பதவி வேறொரு பட்டறையில் இருந்த அவருடைய சகலைக்குப் போயிற்று. சகலையின் பட்டறையில் காயில் கட்டத் தெரிந்தவர்கள் மூன்று பேர். 'மூணு பேர்ல ஒருத்தனுக்குக் குடுக்குறான், ஒரே ஒருத்தனா ஒத்தையில மாரடிக்கிறவனுக்குக் குடுக்க மாட்டேங்குறான், இது என்ன நியாயம்?' என்று காயில்காரர் அன்றைக்குக் கேட்டார். இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். சகலை இப்போதெல்லாம் சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய்க்கறை இல்லாமல் ஜீப்பில் வருகிறார். வந்து, "என்ன சகலை, இன்னும் காயில் வார்னிஷ் வாசனை போகலியா?" என்று சிரிக்கிறார். மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் காயில்காரர் அந்த வீட்டு விசேஷங்களுக்கே போகிறார்.

"எனக்கு வரணும். ஆனா அந்தம்மா நடுவுல வந்துட்டாளே! மேடம் அவளைத் தலைல தூக்கி வச்சுக்கிட்டு ஆடுது. பதவியும் அவளுக்குத்தான் போகும், பாரு."

"கத்துக் குடுக்கலைன்னா எப்படிக் கத்துக்குவாங்க?" என்றாள் மனைவி, தேடிப் பிடித்த செருப்பை ஜோடி சேர்த்துக்கொண்டே.

சும்மா சொன்னதுதான். காயில்காரர் அதை யோசனையாகப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவர் தையல்காரம்மாவுக்குக் கற்றுக் கொடுக்காமல் இருக்கும் வேலையை மும்முரமாகச் செய்தார். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து கம்பி சுற்றினார். அவள் எட்டிப் பார்த்தால் முழங்கையை அகட்டினார். கேள்வி கேட்டால், "நீயே யோசி" என்றார்.

"இந்தக் கம்பி எந்தப் பக்கம் போகணும்ணே?"

"நீயே யோசி."

"தப்பா போச்சுன்னா?"

"அதையும் நீயே யோசி."

அவள் யோசித்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் கண்ணயர்ந்தபோது, குப்பையில் கிடந்த பழைய காயில்களை எடுத்து, தையல் பிரிப்பது போல ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துப் பார்த்து மறுபடி சுற்றினாள். பிரித்தாள், சுற்றினாள். ஒரு நாள் மேடம் வந்து இதைப் பார்த்தார். காயில்காரர் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தார்.

"அண்ணே! பதிலைச் சொல்லாம அவங்களையே கண்டுபிடிக்க வைக்கிறீங்களா? இப்படிச் சொல்லிக் குடுக்கணும்னு நாங்க எவ்வளவு பேருக்குப் பாடம் எடுத்திருக்கோம் தெரியுமா? உங்களுக்கு இது தானா வந்திருக்கு!"

காயில்காரர் முகத்தில் ஈயாடவில்லை. லேத்துக்காரர் மட்டும் எழுந்து நின்று கை தட்டினார்.

அதன் பிறகுதான் அவள் முதல் மோட்டாரைக் கட்டினாள். அதுதான் புகையாமல் ஓடித் தொலைத்தது. புகை வராததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். மோட்டாரை மூடுவதற்கு முன்னால் உள்ளே எட்டிப் பார்த்ததுதான் தப்பாகப் போயிற்று. காயிலின் முனைகளை நூலால் இழுத்துக் கட்டும் இடத்தில், எல்லோரும் ஏதோ மூட்டையைக் கட்டுகிற மாதிரி நாலு முடிச்சுப் போட்டு விடுவார்கள். அவரும் அப்படித்தான். அவளோ சட்டைக் கழுத்துக்கு விளிம்பு தைத்தது போல, முடிச்சே தெரியாமல், ஒரே சீராகப் பின்னியிருந்தாள். அவரையறியாமல் அவர் வாய் 'அடேயப்பா' என்றது. யாருக்கும் கேட்கவில்லை, அவருக்குக் கேட்டுவிட்டது. அவளைப் பிடிக்காமல் போனது அந்த நிமிஷத்தில்தான். அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் வெறும் எரிச்சல். இப்போது அது சரியான பொறாமையாக, கொழுகொழுவென்று வளர்ந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அறுத்து அந்தப் பின்னலைப் போட்டுப் பார்த்தார். வரவில்லை. காலையில் மனைவி, "கொடிய யாருங்க இப்படி முடிச்சு முடிச்சா பண்ணி வச்சது?" என்று கேட்டபோது, "எலியா இருக்கும்" என்றார்.

"எலி முடிச்சுப் போடுமா?"

"பழக்கிக் குடுத்தா எதுவும் எல்லாம் பண்ணும்" என்று பல்லைக் கடித்தார்.

அடுத்த யோசனை செங்கல் சூளைக்காரர் உருவத்தில் வந்தது. அந்த வட்டாரத்திலேயே வாய் நீளம் அவருக்குத்தான். அவருடைய மோட்டாரோ பல கை பட்டு, பல ஊர் சாமான் சேர்த்து, எது எங்கே போகிறதென்று கட்டியவனுக்கே தெரியாத ஒரு கண்றாவி. வருஷத்துக்கு ஒரு தரம் காயில்காரரே அதைக் கட்டி, வருஷத்துக்கு ஒரு தரம் அவரிடமே திட்டும் வாங்குவார்.

"இந்தாம்மா, இது சின்ன வேலை. நீயே முடிச்சுடு" என்று தையல்காரம்மாவிடம் அதைத் தள்ளினார்.

"அண்ணே, இது சூளைக்காரரோடதாச்சே!" என்று லேத்துக்காரர் பதறினார்.

"திறமை வளரணும்னா கஷ்டமான வேலை குடுக்கணும்யா. மேடம் சொன்னது ஞாபகம் இல்ல?"

அவள் அதோடு மல்லுக்கட்டினாள். இரண்டு தரம் கட்டிப் பிரித்தாள். ஒரு நாள் அழுதாள்கூட. அன்றைக்குக் காயில்காரர் தன் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கடைசியில் மோட்டார் சூளைக்குப் போயிற்று. சில நாள் கழித்துச் சூளைக்காரர் தன் வண்டியை வாசலில் கிறீச்சென்று நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். காயில்காரர் நாற்காலியை நல்ல இடமாகப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். வேடிக்கை பார்க்க வேண்டுமே!

"எங்கய்யா அந்தம்மா?"

"உள்ளதான் இருக்காங்க. என்ன ஆச்சுங்க? புகைஞ்சிடுச்சா?" காயில்காரர் குரலில் தேன் ஒழுகியது.

"புகையுறதா? அது பாட்டுக்கு ஓடுதுய்யா! இத்தனை வருஷமா நீயும் கட்டுன. ஒரு வருஷம் தாங்குச்சா? இந்தா, என் தம்பி வீட்டு மோட்டார். நீ தொடாத. அந்தம்மா கையில குடு."

'நீ தொடாத' என்பதை அவர் சொன்ன விதம் பட்டறைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. அதற்கப்புறம் வருகிற ஆட்களெல்லாம் வாசலிலேயே, "அந்தம்மா இருக்காங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தையல்காரம்மா, "எல்லாம் அண்ணன் கத்துக் குடுத்ததுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அது உண்மையாகச் சொன்னதா குத்திச் சொன்னதா என்று காயில்காரர் யோசித்து யோசித்துப் பார்த்தார். உண்மையாகத்தான் சொன்னாள் என்று தெரிந்தபோது இன்னும் அதிகமாக எரிந்தது.

மேடம் அந்த வாரம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கஷ்டமான வேலைய நம்பி ஒப்படைச்சீங்க பாருங்க, அதுக்கு ஒரு மனசு வேணும்ணே!"

"அண்ணன் மனசு எங்களுக்குத் தெரியாதா மேடம்?" என்றார் லேத்துக்காரர்.

சரி, தான் இருந்து பிரயோஜனமில்லை, இல்லாமல் இருந்து பார்ப்போம் என்று காயில்காரர் முடிவு செய்தார். மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டதென்று ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டார். பட்டறை தவிக்கும், வேலை குவியும், மேடம் ஓடி வருவார், சூளைக்காரர்கூட வருவார். "கை எப்படியிருக்கு, எப்ப வருவீங்க?" என்று கெஞ்சுவார்கள். "பாக்கலாம், டாக்டர் என்ன சொல்றாருன்னு" என்று இழுக்க வேண்டும்.

வாசலில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் போதும், போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு முனகினார். வண்டி நிற்காமல் போனதும் முனகலை நிறுத்தினார். இப்படிப் பல வண்டிகள் போயின.

"ஏங்க, ஒரு சந்தேகம்" என்றாள் மனைவி. "நேத்து வலது கையில இருந்த கட்டு, இன்னைக்கு எப்படி இடது கைக்கு வந்துச்சு?"

"வலி எறங்குது."

"ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்கா?"

"நரம்பு எல்லாம் உள்ள ஒண்ணாத்தான் போகுது. ஒனக்கு அதெல்லாம் புரியாது."

கடைசியில் ஒருவழியாக ஒரு வண்டி நின்றது. காயில்காரர் கண்களை மூடிக்கொண்டு, வலி தாங்க முடியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். ஆனால் கேட்டது தையல்காரம்மாவின் குரல்.

"அண்ணனுக்கு எப்படி இருக்குக்கா? பழம் கொஞ்சம் வாங்கிட்டு வந்தேன்."

"வாம்மா வா. அவரு இப்பத்தான் கண்ணசந்தாரு. பட்டறைல வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுதுக்கா. அண்ணன் அவசரப்பட்டு வர வேணாம், நல்லா ஓய்வெடுக்கட்டும்."

போர்வைக்குள் காயில்காரர் கண்ணைத் திறந்தார். தவிக்கவே இல்லையா? ஒருத்தன்கூடவா?

"இது என்னக்கா, மோட்டார் மேல துணி காயப் போட்டிருக்கீங்க?"

"அது ஓடாத மோட்டார்தாம்மா. துணி காயப்போடவாச்சும் ஆகுதே. இதோ சரி பண்றேன், அதோ சரி பண்றேன்னு இவரும் சொல்லிக்கிட்டே இருக்காரு. காயில்காரன் பொண்டாட்டி குடத்துல தண்ணி சுமக்குறேன்னு தெருவே சிரிக்குது."

உள்ளே படுத்திருந்தவருக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. எழுந்தால் கட்டு எந்தக் கையில் இருக்க வேண்டும் என்று ஞாபகமில்லை. அங்கே ஸ்பேனர் விழுகிற சத்தம் கேட்டது. கம்பி நறுக்குகிற சத்தம் கேட்டது. இரண்டு பெண்களும் எதற்கோ சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில், அவர் வீட்டில் ரொம்ப நாளாகக் கேட்காத ஒரு சத்தம் கேட்டது. தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

"ஏங்க! ஏங்க! தண்ணி வருதுங்க!" என்று மனைவி வாயெல்லாம் பல்லாக உள்ளே ஓடி வந்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் அவர் முகத்தைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்திருக்கிறாள். அது இப்போது ஒரு மோட்டாருக்காக, அதுவும் வேறு ஆள் ஓட வைத்த மோட்டாருக்காக. அவருக்கு உண்மையாகவே கண்ணில் நீர் வந்துவிட்டது.

"வலிக்குதா?" என்று மனைவி பதறிப் போய்க் கேட்டாள்.

"ஆமா" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே நிஜம் அதுதான்.

மறுநாளே சுளுக்கு குணமாகிப் பட்டறைக்குப் போய்விட்டார். போனால் அங்கே புதுச் செய்தி காத்திருந்தது. மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கத் தலைமை அலுவலகத்துப் பெரிய அதிகாரி நேரில் வருகிறாராம். தேர்வாகும் ஆளை அன்றைக்கே பயிற்சிக்கு ஜீப்பில் கூட்டிக்கொண்டு போய்விடுவாராம்.

இனி கற்றுக்கொடுக்காமல் இருப்பது, சுளுக்குவது எல்லாம் உதவாது, வாயைத்தான் நம்ப வேண்டும் என்று காயில்காரருக்குப் புரிந்தது. அதிலும் ஒரு நுணுக்கம் வேண்டும். அவளை ஒரேயடியாகக் குறை சொன்னால் பொறாமை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கொஞ்சம் புகழ்ந்து, புகழ்ச்சியோடு சேர்த்தே ஓரங்கட்ட வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினார். மனைவி எட்டிப் பார்த்தபோது தலை வாருவது போல் நடித்தார். அவருக்குத் தலையில் வாருவதற்கு ஒன்றும் இல்லை.

அந்த நாள் வந்தது. அதிகாரி கனத்த சரீரம், மெல்லிய குரல். மேடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காயில்காரரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே தையல்காரம்மா கட்டிய மோட்டார் ஒன்று சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களைப் பத்தி மேடம் நிறையச் சொல்லியிருக்காங்க" என்றார் அதிகாரி. "அந்தம்மாவை நல்லாத் தயார் பண்ணியிருக்கீங்களாமே?"

"ஏதோ என்னால ஆனது சார்."

"எப்படி வேலை செய்யறாங்க?"

வந்துவிட்டது இடம். காயில்காரர் முகத்தில் ஒரு நடுநிலையைக் கொண்டுவந்தார். "உள்ளதைச் சொல்லணும் சார். கை சுத்தம். ஜனங்களோட நல்லாப் பழகுவாங்க. கெட்ட பேர் கிடையாது."

மேடம் சந்தோஷமாகத் தலையாட்டினார். "அப்ப நீங்க இல்லாட்டியும் அவங்க தனியா சமாளிச்சுடுவாங்க, இல்லையாண்ணே?"

"அங்கதான் மேடம் சங்கதி!" நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார் காயில்காரர். "நான் பக்கத்துல இருக்கிறதால ஓடுது. நான் இல்லன்னா அவங்களுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது."

மேடத்தின் முகம் சுருங்கியது. "அண்ணே, உங்களுக்குக் கை சுளுக்கினப்ப அவங்கதானே பாத்துக்கிட்டாங்க?"

"வீட்டுல படுத்துக்கிட்டே ஆள் மேல ஆள் அனுப்பி நான்தான் சொல்லிக் குடுத்தேன் மேடம். வெளிய சொல்லிக்கலை. பெருமை பிடிக்காது எனக்கு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே" என்றார் மேடம். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. "அவசரப்படாதீங்க. நீங்க ஒரு மூணு மாசம் இங்க இல்லன்னு வைங்க. இந்தப் பட்டறை ஓடுமா, ஓடாதா?"

மூன்று மாசமாம்! வேலையை விட்டு அனுப்புவதைத்தான் இப்படி நாசூக்காகக் கேட்கிறாள் என்று காயில்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. மேஜையில் ஓங்கித் தட்டினார்.

"மூணு மாசமா? ஒரு நிமிஷம்கூட ஓடாது!"

வெளியே மோட்டார் கம்பீரமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை அமுக்குவதற்காக அவர் குரலை இன்னும் உயர்த்த வேண்டியிருந்தது. "இந்த இடத்தைத் தாங்கிக்கிட்டு இருக்கிறதே நான்தான் சார். என்னை எடுத்தீங்கன்னா அப்படியே படுத்துடும்!"

அதிகாரி மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னலைப் பார்த்தார். அதிகாரி மெதுவாகக் கேட்டார்:

"சரி. அந்தம்மாவை இங்கேருந்து எடுத்துட்டா?"

காயில்காரருக்கு உள்ளுக்குள் வாணவேடிக்கை. முகத்தில் மட்டும் இரக்கம். "பாவம்தான் சார். ஆனா பட்டறை நல்லதைப் பாக்கணும்ல? ஒரு துளிகூடப் பாதிப்பு இருக்காது. தாராளமா எடுத்துடுங்க!"

அறைக்கு வெளியே வந்தவர் நடக்கவில்லை, மிதந்தார். லேத்துக்காரர் அருகில் வந்து, "என்னண்ணே, மேஜைய உடைக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு?" என்றார்.

"உண்மையச் சொன்னேன்யா. உண்மை கொஞ்சம் சத்தமாத்தான் இருக்கும்."

அடுத்துத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். நேராகத் தன் பையை எடுத்தாள். ஆணியில் மாட்டியிருந்த மேலங்கியைக் கழற்றினாள். அவள் தினமும் போட்டுக்கொண்டு வேலை செய்வது, அவளே தைத்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அதைப் பார்த்ததும் காயில்காரரின் பொறாமை சட்டென்று வடிந்துவிட்டது. அத்தனை நாளும் கொழுத்திருந்தது எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. அந்த இடத்தில் குற்றவுணர்ச்சி வந்து உட்கார்ந்தது. பாவம், தைத்தும் பிழைக்க விடவில்லை, சுற்றியும் பிழைக்க விடவில்லை. நாம் கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டோமோ? சரி, மேற்பார்வையாளர் ஆனதும் எந்தப் பட்டறையிலாவது கூட்டிப் பெருக்கிற வேலை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார்.

"அண்ணே..." அவள் எதிரில் வந்து நின்றாள். "நான் இதை எதிர்பார்க்கவே இல்லண்ணே."

"தெரியும்மா, தெரியும். மனசைத் தளர விடாத. வாழ்க்கைல இதெல்லாம் வரும்."

"எல்லாம் உங்களாலதாண்ணே."

"சேச்சே! என்னால என்ன இருக்கு?" என்று அவசரமாக மறுத்தார். பார்வையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சட்டென்று தன் மேஜையைத் திறந்து, இத்தனை வருஷமாக வேறு யாரும் தொடக் கூடாதென்று வைத்திருந்த கம்பி வளைக்கும் குறடு ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். "இந்தா. எங்க போனாலும் இது இருந்தா பிழைச்சுக்கலாம்."

அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. தன் பெருந்தன்மையை நினைத்துக் காயில்காரருக்கே மயிர்க்கூச்செடுத்தது.

அதிகாரியும் மேடமும் ஜீப்பில் ஏறினார்கள். மேடம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தையல்காரம்மாவும் பின்னால் ஏறிக்கொண்டாள். போகிற வழியில் வீட்டில் இறக்கிவிடுவார்கள் போலிருக்கிறது, பரவாயில்லை, நல்ல மனுஷர்கள் என்று நினைத்துக்கொண்டார் காயில்காரர். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, தலையைத் தடவிச் சரிசெய்துகொண்டு, அவளுக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தைப் பார்த்தார். தன்னைக் கூப்பிடட்டும் என்று காத்திருந்தார்.

யாரும் கூப்பிடவில்லை. ஜீப் டிரைவர் மட்டும் கையில் காலி பாட்டிலோடு இறங்கி வந்தார்.

"அண்ணே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி பிடிச்சுக்கட்டுமா? தூரமாப் போகணும்."

"பிடிச்சுக்கப்பா. தூரமா எதுக்கு? அந்தம்மா வீடு இதோ பக்கத்துலதானே?"

"துணிமணி எடுக்க ஒரு நிமிஷம் அங்க நிப்போம். அப்புறம் நேரா மூணு மாசப் பயிற்சிக்குத்தான்."

"பயிற்சிக்கா? யாரு? அதுக்கு நான்தானே..."

டிரைவர் பாட்டிலை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகிக்கொண்டே சொன்னார்:

"உங்களை ஏத்திட்டு வரத்தாண்ணே என்னைக் கூட்டிட்டு வந்தாங்க, நீங்க போனா இங்க பாத்துக்க ஆள் வேணும்னுதான் அந்தம்மாவை இத்தனை நாள் தயார் பண்ணாங்க, ஆனா நீங்க இல்லாம இங்க ஓடவே ஓடாதுன்னு நீங்களே மேஜையத் தட்டிச் சொல்லிட்டீங்களாமே, அதான் இல்லன்னாலும் பாதகமில்லாத ஆளாப் பாத்து மேற்பார்வையாளரா ஏத்திக்கிட்டோம்!"